பிட்சைப் பாத்திரத்தில் ஒரு மாத்திரை

வடோதரா
24 ஜூலை 1995

இலா,

நீ கேட்டிருக்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உலகத்தை விட்டது நானா, அந்த மாத்திரையா?" மருத்துவக் கல்லூரியில் இத்தனை காலம் மருந்தியல் சொல்லிக்கொடுத்தவள், இதற்கு ஒரு வரி எழுத முடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அப்போது உனக்கு இருபத்தொன்பது வயது. மூச்சிரைப்பு முற்றிப்போய், ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்தில் நீ தூங்குவதை விட்டுவிட்டாய். வராந்தாவில் நடந்துகொண்டே பாடினாய். கொண்டுவந்திருந்த புடவைகளை ஆயாக்களுக்குக் கொடுத்தாய். ஜைனத் துறவியாக, சாத்வியாகப் போகிறேன் என்று அறிவித்தாய். அம்மா ஆனந்தத்தில் அழுதாள். நான் டாக்டரிடம் போய், இந்த மருந்து சிலருக்குக் காரணமில்லாத பரவசத்தைத் தரும் அல்லவா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நல்ல புத்திதானேம்மா வந்திருக்கு? கெட்ட புத்தி வந்திருந்தா மருந்தைக் குறைச்சிருப்பேன்" என்றார்.

ஆனால் இரண்டு மாதத்தில் மருந்தைக் குறைத்தார்கள். நீ தீட்சை வாங்கியது அதற்கும் ஒரு வருஷம் கழித்து. அப்போதும் உன் முடிவு மாறவில்லை. இது மாத்திரைக்கு எதிரான சாட்சி. மாறாததற்கு மானம்கூடக் காரணமாக இருக்கலாம் என்பது உனக்கு எதிரான சாட்சி. இதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னை நடுங்க வைக்கிறது. பர்யூஷண நோன்பு தொடங்கும் நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டு எட்டு நாள் உபவாசம் இருந்து பார்க்கிறேன், மிஞ்சுவது யார் என்று தெரிந்துவிடும் என்கிறாய். தெரியாது, இலா. மிஞ்சுவதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் புறணியில் ஊறும் கார்டிசால்தான், நாம் கண் விழிப்பதற்கு முன்பே உடம்பை எழுப்பி நிறுத்துகிறது. சாப்பாடு இல்லாத நேரத்தில் ஈரலிடமிருந்து சர்க்கரை வாங்கித் தருகிறது. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. நீ தினமும் விழுங்கும் பிரெட்னிசலோன் அதன் வேலையைச் செய்ய வந்த வெளியாள். வெளியிலிருந்து தினமும் டிபன் கேரியர் வரும் வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? மூளை, சமைக்கச் சொல்லி உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது. சுரப்பி சுருங்கிப்போகிறது. பன்னிரண்டு வருஷமாக உன் அடுப்பு அணைந்து கிடக்கிறது. ஒரு நாள் காலையில் கேரியரை நிறுத்தினால் அது தானாகப் பற்றிக்கொள்ளாது.

உடனே பதில் எழுது.

தருலதா

---

பில்லிமோரா, உபாஸ்ரயம்
1 ஆகஸ்ட் 1995

அன்புள்ள தருலதாபென்னுக்கு தர்மலாபம்.

எங்கள் மூத்த சாத்வி குருணிஜியின் அருளால் இங்கே அனைவரும் சுகம். உங்கள் கடிதத்தை ஹசுமதிபென் கொண்டுவந்து கொடுத்தார். சாத்விகள் தங்கும் இந்த உபாஸ்ரயத்துக்கு எதிர்வீடுதான் அவருடையது. என் மாத்திரைகளும் அங்கேதான் இருக்கின்றன. உண்பது எதையும் நாங்கள் இரவு தங்க வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் நான் பாத்திரத்தோடு போவேன், ஒன்றை எடுத்துப் போடுவார்.

ஒரு சின்னக் குறை சொல்லட்டுமா? "இலா" என்று ஒருத்தி இப்போது இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை சொல்கிறேன், நீங்களும் வருஷத்துக்கு ஒருமுறை மறந்துவிடுகிறீர்கள்.

டிபன் கேரியர் உதாரணத்தைப் படித்துச் சிரித்தேன். தினமும் பாத்திரம் ஏந்திப் போகிறவளுக்கு, உன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்! எங்களுக்கு அடுப்பே கூடாதே.

ஆனால் என் வேதனை உங்களுக்குப் புரியவில்லை. கண்ணாடி பார்ப்பதில்லை என்றாலும் என் முகம் உருண்டு கிடப்பது தண்ணீர்ப் பாத்திரத்தில் தெரிகிறது. மாத்திரை ஊத வைத்த முகம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இங்கே வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "மாராசாப் மொகத்துல என்ன தேஜஸ், பாருங்க! தவம் பண்ணினா இப்படித்தான் பூரண சந்திரன் மாதிரி ஆயிடும்!" போன வாரம் ஓர் அம்மா தன் மருமகளை இழுத்துவந்து, "கும்பிட்டுக்கோடி, இந்த ஒளி உன் வயித்துப் பிள்ளைக்கு வரட்டும்" என்றார். அந்தப் பெண் என் காலில் விழுந்தாள். நான் ஆசி சொன்னேன். யாருடைய ஆசி அது? அவள் கும்பிட்டது என்னையா, உங்கள் மருந்துக் கம்பெனியையா?

உபவாசம் இல்லை, நீண்ட நடை இல்லை, வெயிலில் ஊர் ஊராகப் போகும் யாத்திரை இல்லை. மற்றவர்கள் தவம் செய்ய நான் மாத்திரை விழுங்குகிறேன். முன்பு இது மாட்டின் சுரப்பியிலிருந்து வருகிறதா என்று பயந்து கேட்டேன். இல்லை, காட்டுக் கிழங்கில் தொடங்கி ஆலையில் செய்வது என்றீர்கள். மண்ணுக்குள் விளையும் கிழங்கு, வெங்காயம் எதையுமே தொடக் கூடாதவளுக்குக் கிழங்கு! அதையும் விழுங்கினேன்.

எட்டு நாள், தருலதாபென். ஒருமுறை, என்னோடு நான் மட்டும்.

சாத்வி சமரசாஸ்ரீ

---

வடோதரா
6 ஆகஸ்ட் 1995

இலா,

கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. நம் வீட்டில் அது உன் வேலை. இப்போது நான் கெஞ்சுகிறேன்.

"என்னோடு நான் மட்டும்" என்கிறாயே, அப்படி ஓர் ஆள் கிடையாது. இந்த ஹார்மோன் செல்லுக்குள்ளேயே நுழைகிறது. அங்கே தனக்கென்று இருக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய், இந்தப் பக்கத்தைப் படி, அந்தப் பக்கத்தை மூடு என்று சொல்கிறது. உன் மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்குவது அப்படித்தான். மூளைச் செல்லிலும் அதையேதான் செய்கிறது. சொந்தச் சுரப்பியில் ஊறினாலும் சரி, மாத்திரையில் வந்தாலும் சரி, இது இல்லாத உடம்பில் இருந்துகொண்டு எந்த மனிதரும் எதையும் நிதானமாக முடிவு செய்ததில்லை. மகாதவசிகளுக்கும் இந்தச் சுரப்பி இருந்தது. உபவாச நாட்களில் அவர்களைத் தாங்கியதே அதுதான். பட்டினி, காய்ச்சல், அடி, பயம், எது வந்தாலும் நல்ல சுரப்பி கூடுதலாகச் சுரந்து ஈடுகொடுக்கும். உன்னுடையது சுரக்காது.

நடக்கப்போவதைச் சொல்கிறேன். முதலில் அசதி, வாந்தி. பிறகு சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கும். பிறகு எதைப் பற்றியும் கவலையில்லாத ஒரு நிலை. அதை நீ சமாதி என்று நினைத்துக்கொள்வாய். அதுதான் என் பயம்.

குருணிஜிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். கோள் மூட்டுகிறேன் என்று வைத்துக்கொள்.

தருலதா

---

பில்லிமோரா
13 ஆகஸ்ட் 1995

தருலதாபென்னுக்கு தர்மலாபம்.

நீங்கள் ஜெயித்தீர்கள்.

நேற்றுப் பிற்பகல் குருணிஜி கூப்பிட்டார். உங்கள் கடிதம் அவர் மடியில் இருந்தது. எழுபத்து நான்கு வயதில் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கக்கா எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. ஆனா பயம் தெளிவாத் தெரியுது. நீ எட்டு நாள் உபவாசம் கேக்கப்போறியா?"

"உங்க உத்தரவு கிடைச்சா."

"கிடைக்காது. உனக்கு உபவாசமே கிடையாது. தினம் மாத்திரை வாங்கித் திங்கறியே, அதுதான் உன் தவம்."

"அது எப்படித் தவமாகும், குருணிஜி?"

"பிடிச்சதைத் திங்காம இருக்க யாராலயும் முடியும். பிடிக்காததை பன்னெண்டு வருஷம் தின்னுக்கிட்டு, ஊரெல்லாம் கும்பிட, உள்ளுக்குள்ள கூசிக்கிட்டே நிக்கணும் பாரு. என்னால முடியாதும்மா. போ, போய் அந்த மூக்கைத் துடை."

குருவின் சொல்லை மீறுவதற்கில்லை. மாத்திரையை நிறுத்தமாட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய் சொன்ன தோஷம் வரும். கொஞ்சம் இருக்கிறது. பர்யூஷணத்தின் கடைசியில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கும் நாள் வருகிறது, அதற்குள் போய்விடும்.

மழை பிடித்திருக்கிறது. அம்பிகா ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்கிறார்கள்.

சாத்வி சமரசாஸ்ரீ

---

வடோதரா
16 ஆகஸ்ட் 1995

இலா,

உன் கடிதம் கண்டு நேற்று நன்றாகத் தூங்கினேன். கோபத்தை வேண்டிய மட்டும் வைத்துக்கொள்.

கல்லூரிப் பையன் ஒருவன் பில்லிமோரா வருகிறான். ஹசுமதிபென்னிடம் சேர்க்கும்படி அவனிடம் புது மாத்திரைப் பட்டைகளும் ஓர் ஊசி மருந்தும் கொடுத்தனுப்புகிறேன். வாந்தி எடுத்தால் மாத்திரை உள்ளே நிற்காது, கம்பவுண்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லுங்கள் என்று அவருக்குப் போனிலும் சொன்னேன். "கவலைப்படாதீங்க பென், மாராசாப் எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

காய்ச்சல் வந்தால் அன்று இரண்டு மாத்திரை. மறக்காதே.

தருலதா

---

பில்லிமோரா
20 ஆகஸ்ட்

தருபென்,

ஹசுமதிபென்னின் தம்பி கடைசி வண்டியைப் பிடித்து வடோதரா போகிறாராம். எங்கள் ஜன்னலுக்கு வந்து, கடிதம் இருந்தால் கொடுங்கள் என்றார். அவர் கிளம்புவதற்குள் எழுதுகிறேன்.

உபவாசத்தைப் பற்றி நாம் இருவரும் எவ்வளவு எழுதினோம். மழையைப் பற்றி யாருமே நினைக்கவில்லை. பதினெட்டாம் தேதி விடியலில் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. மழையில் நாங்கள் பிட்சைக்கு வெளியே போகக் கூடாதே, தருபென். ஒரு சொட்டு நீரில் எத்தனை உயிர். சின்ன சாத்விகள் இரண்டு பேரும் நல்லதாகப் போயிற்று என்று உபவாசம் இருக்கிறார்கள். காய்ச்சி ஆறின தண்ணீர் இங்கேயே கிடைக்கிறது. மாத்திரை தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஹசுமதிபென் நேற்று மாடியிலிருந்து கத்தினார். "மாராசாப், நான் குடை பிடிச்சுக் கொண்டாரட்டுமா? முட்டித் தண்ணிதான்!" எங்களுக்காகத் தூக்கிக்கொண்டு வந்ததை வாங்கக் கூடாது என்று கையசைத்தேன். "நோயாளிக்கு என்ன விதி? குருணிஜிகிட்ட கேளுங்க!" என்றார். கேட்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. குருணிஜி நேற்று, "மாத்திரை ஆச்சா?" என்று போகிற போக்கில் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

நான் நிறுத்தவில்லை, பார்த்தாயா. மழை நிறுத்தியது. குருவின் சொல்லை நான் மீறவில்லை. இப்போது தெரிந்துவிடும். காலையில் இரண்டு முறை வாந்தி. இப்போது ஒன்றும் இல்லை. எல்லாம் தூரமாக, சுத்தமாக இருக்கிறது. உன் கோழி எழுத்து ஞாபகம் வந்தது. நாம் சின்ன வயதில் மாடியில் காற்றாடி விட்டோமே, நூலை நீ பிடித்துக்கொண்டு என்னிடம் தரவே மாட்டாய்.

இலா

---

சூரத் ரயில் நிலையம்
21 ஆகஸ்ட் 1995

வணக்கத்துக்குரிய சாத்வி சமரசாஸ்ரீஜி அவர்களுக்கு வந்தனம்.

இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. இதை எதில் போட்டு அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதாமல் உட்கார முடியவில்லை.

உங்கள் கடிதம் மதியம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. படிக்கும்போது பயம் இருந்தது, ஆனால் யோசிக்க முடிந்தது. கடைசியில் கையெழுத்தைப் பார்த்தேன். இலா. பதினொரு வருஷமாக நீங்கள் அப்படி ஒருமுறை எழுதமாட்டீர்களா என்று காத்திருந்தேன். கண்ணால் பார்த்ததும் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். நீங்கள் விட்டொழித்த பெயரை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் உள்ளே விளக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி இங்கே நின்றுவிட்டது. தண்டவாளத்தின் மேல் தண்ணீர். பில்லிமோரா டெலிபோன் எல்லாம் செத்துக் கிடக்கிறது. ஹசுமதிபென் வீட்டு எண்ணைச் சுற்றிச் சுற்றி விரல் வலிக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சத்தம் போட்டேன். "மேடம், தண்ணி வடிஞ்சா வண்டி. வடியலைன்னா உங்களுக்கும் எனக்கும் ஒரே பெஞ்சு. நான் என்ன குடிச்சா தீர்க்க முடியும்?" என்றார். பையில் ஊசி மருந்து இருக்கிறது. அது இருந்து என்ன. அதே மருந்து உங்கள் எதிர்வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

எனக்குப் பிரார்த்தனை தெரியாது. வேண்டுதல், விரதம் எதுவும் நம்பியதில்லை. அம்மா இருந்தவரை நீங்கள் வாசலில் வந்து நின்றால் அவள்தான் ரொட்டி போடுவாள். நான் உள்ளே போய்விடுவேன். தங்கைக்கு நான் ஏன் பிட்சை போடவேண்டும் என்ற வீம்பு.

இப்போது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களிடமே கேட்கிறேன். அந்தச் சுத்தத்தை நம்பாதீர்கள். அது வைராக்கியம் இல்லை. இருந்தாலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் உயிரோடு இருக்கவேண்டும். குருணிஜியிடம் சொல்லுங்கள். ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்து சொல்லுங்கள்.

வெளியே ஒரு லாரி தெற்கே போகிறதாம். கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

தருலதா

பில்லிமோரா, 22 ஆகஸ்ட்

அதே தாளில் தொடர்கிறேன். நேற்று நடந்ததில் பாதி உங்களுக்கு நினைவில்லை என்பதால் கேட்டதையும், இன்று நடந்ததைப் பார்த்தபடியும் எழுதிவைக்கிறேன்.

நேற்றுப் பிற்பகல் உங்களால் எழுந்து உட்கார முடியவில்லை. குருணிஜி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாத்திரை எப்பம்மா தின்னே?" என்று நேராகக் கேட்டார். "மழைக்கு முன்னால" என்றீர்கள். "வேணுமா?" என்றார். "மழை நிக்கட்டும்" என்றீர்களாம்.

அந்த நான்கு நாளில் உங்கள் உடம்பில் வெளி மருந்தும் இல்லை, சொந்தச் சுரப்பும் இல்லை. அப்போதும் விதியை விடவில்லை. ஆகவே துறந்தது நீங்கள்தான் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் இரத்த அழுத்தம் இறங்கிய நோயாளிகளும் இதே குரலில் "இருக்கட்டும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை.

குருணிஜி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, மழையில் இறங்கினார். தண்ணீர் முட்டிக்கு மேல். சின்ன சாத்விகள் அழுதுகொண்டே தடுத்திருக்கிறார்கள். "பாவம் என்னோடது. பிராயச்சித்தம் ஆசாரியர்கிட்ட நான் கேட்டு வாங்கிக்கறேன். வழியை விடுங்கடி" என்றாராம். தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் பிட்சைக்கு நின்று, தர்மலாபம் என்று ஆசி சொன்னார். ஹசுமதிபென் ஓடிவந்து மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் கொடுத்தார். அவர் கணவர் கம்பவுண்டரை இழுத்து வந்தார். சூரியன் இறங்குவதற்குள் ஊசி போட்டாகிவிட்டது.

நான் காலையில் வந்து சேர்ந்தேன். வெங்காய லாரி, பிறகு நடை. என்மேல் அடித்த வாடைக்கு உபாஸ்ரயத்துக்குள் விட்டதே பெரிது. இரண்டாவது ஊசியை நானே போட்டேன். நீங்கள் கண் திறந்து, "தருலதாபென்" என்றீர்கள். தருபென் என்று சொல்லவில்லை. சந்தோஷப்பட்டேன்.

குருணிஜியிடம் நன்றி சொல்லப் போனேன். அவருக்கு இன்று முதல் எட்டு நாள் உபவாசம். "உங்க தங்கைக்காக இல்ல. என் காலடியில போன உயிருங்களுக்காக" என்றார். பிறகு, "வெங்காயத்துல குளிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

பதினொரு மணிக்கு மழை நின்றது. பகல் உச்சிக்குள் தெரு வடிந்து கல் தெரிந்தது. உங்களுக்குப் பதிலாகச் சின்ன சாத்வி போகட்டும் என்று சொல்லிவிட்டு நான் ஹசுமதிபென் வீட்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, தெருவைக் கடந்து வந்தீர்கள். வாசலில் நின்று தர்மலாபம் என்றீர்கள். ஹசுமதிபென் கிச்சடி போட்டுவிட்டு மாத்திரைப் பட்டையை என் கையில் வைத்து ஒதுங்கிக்கொண்டார்.

நான் உள்ளே போகவில்லை. ஒன்றைப் பிரித்துப் பாத்திரத்தில் போட்டேன். "போதும்" என்றீர்கள்.

"இன்னிக்கு ரெண்டு" என்றேன்.

நீங்கள் பாத்திரத்தை மூடவில்லை. இரண்டாவதையும் போட்டேன்.